விசுவாசம் குறைந்ததால்தான் இத்தனை கஷ்டமா?

கேள்வி, ஜனவரி 9
ஒன்றன்பின் ஒன்றாக அடி. வேலை போனது, அப்பா இறந்தார், கடன் கழுத்தை நெரிக்கிறது. "உனக்கு விசுவாசம் போதவில்லை, அதனால்தான் ஜெபம் கேட்கப்படவில்லை" என்று சபையில் ஒருவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை, கோபம்தான் வருகிறது. விசுவாசத்தை எப்படிப் பலப்படுத்துவது? பெரியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஜனவரி 9, இரவு
தம்பி, விசுவாசத்தைப் பலப்படுத்துவது எப்படி என்பதை அப்புறம் பேசலாம். முதலில் அந்தக் கோபத்தை என்ன செய்கிறாய்? அடக்கிவைத்துக்கொண்டு "ஸ்தோத்திரம், எல்லாம் நன்மைக்கே" என்று வெளியில் சொல்கிறாய் என்றால் அதை இன்றோடு நிறுத்து. கோபத்தை அப்படியே தேவனிடம் சொல். அவரைப் பற்றி அடுத்தவரிடம் சொல்வதை விட அவரிடமே சொல்வது மேல். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13-ம் சங்கீதம் ஆரம்பிக்கிறது. பைபிளிலேயே அச்சடித்திருக்கிறது, நீ புதிதாக ஒன்றும் துணியப்போவதில்லை. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த மாதிரி முறையீடுதான். நாம் ஆராதனையில் பாடுவதற்குத் தேர்ந்தெடுப்பவற்றில் அந்த மூன்றில் ஒரு பங்கு எங்கே போனது என்று தெரியவில்லை.

ஜனவரி 10
ஒரு சகோதரர் "நீங்கள் யார், எந்த அனுபவத்தில் சொல்கிறீர்கள்" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நான் ஊழியக்காரி இல்லை, வேதாகமக் கல்லூரிக்கும் போனதில்லை. என் கணவர் பக்கவாதம் வந்து வருடக்கணக்கில் படுக்கையில் இருக்கிறார். பேச்சு பாதிதான் திரும்பியது. சிலர் வந்து எண்ணெய் பூசி ஜெபித்தார்கள், அது ஆறுதலாக இருந்தது. வேறு சிலர் வந்து, "வீட்டில் ஏதாவது மறைவான பாவம் இருக்கிறதா, ஆராய்ந்து பாருங்கள்" என்றார்கள். அவர் பேச முடியாமல் படுத்திருக்கிறார், அவர் காதுபடவே சொல்கிறார்கள். அன்று ராத்திரி நான் செய்த ஜெபத்தை இங்கே எழுத முடியாது, நிர்வாகி நீக்கிவிடுவார். அவர் இன்னும் குணமாகவில்லை. இதைச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் நடுவில் அற்புதம் நடந்து சாட்சியாக முடியும் என்று எதிர்பார்த்து யாரும் இந்த இழையைப் படிக்க வேண்டாம்.

ஜனவரி 10, கொஞ்ச நேரம் கழித்து
மறைவான பாவம் விஷயத்தை இயேசுவிடமே கேட்டாயிற்று. பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டார்கள். இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்றார் (யோவான் 9). சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார் (லூக்கா 13). அதற்கு அடுத்த வரியில் எல்லாரையும் மனந்திரும்பச் சொல்கிறார் என்பதும் உண்மை, அதை மறைக்கவில்லை. ஆனால் அது விழுந்த கோபுரத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சொன்னது. அடியில் கிடந்தவர்களுக்குச் சொன்னதில்லை.

ஜனவரி 11
"முறுமுறுப்பது பாவம் அக்கா, வனாந்தரத்தில் முறுமுறுத்த ஒரு தலைமுறையே அழிந்தது, நீங்கள் தம்பியைத் தப்பான வழியில் நடத்துகிறீர்கள்" என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கோபப்படாமல் பதில் எழுத வேண்டும் என்று தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

எண்ணாகமம் 14-ஐ எடுத்துப் பாருங்கள். அவர்கள் ராத்திரி முழுக்க அழுதார்கள், மோசேயைத் திட்டினார்கள், ஒருவரோடொருவர் பேசி ஒரு தலைவனை ஏற்படுத்திக்கொண்டு எகிப்துக்குத் திரும்பிப் போகலாம் என்று முடிவெடுத்தார்கள். இத்தனையிலும் அவர்கள் தேவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சங்கீதக்காரன் பேசுகிறான். கத்துகிறான், வழக்காடுகிறான், ஏன் தூங்குகிறீர் என்றுகூடக் கேட்கிறான், ஆனால் எகிப்துக்குப் போகிற பாதையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கிறான். எனக்குத் தெரிந்து வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. விட்டுவிட்டுப் போக முடிவெடுத்தவர்கள் சண்டை போடமாட்டார்கள், பேசாமல் போய்விடுவார்கள். (கல்யாணமானவர்களுக்கு இது புரியும்.)

ஜனவரி 11, நள்ளிரவு தாண்டி
மேலே எழுதியது கொஞ்சம் சுலபமாக முடிந்துவிட்டதோ என்று தோன்றியது. மறுபடி எண்ணாகமத்தைப் புரட்டினால் 11-ம் அதிகாரம். மோசேயே புலம்புகிறார். இந்த ஜனங்களை எல்லாம் நானா பெற்றேன், என்னால் சுமக்க முடியாது, இப்படித்தான் செய்வீர் என்றால் என்னைக் கொன்றுபோடும் என்கிறார். இதைவிடப் பெரிய முறுமுறுப்பு உண்டா? தேவன் அவரைத் தண்டிக்கவில்லை, "உன் விசுவாசம் எங்கே" என்றும் கேட்கவில்லை. மூப்பர்களில் 70 பேரைக் கூட்டிக்கொண்டு வா, நீ ஒருவனே சுமக்காதபடி அவர்கள் உன்னோடு சுமப்பார்கள் என்றார். அவர் கேட்டது சாவு, கிடைத்தது ஆட்கள்.

நான் அந்த அதிகாரத்தை எத்தனையோ தரம் படித்திருக்கிறேன், காடைகள் வந்த கதையாகத்தான் ஞாபகம் வைத்திருந்தேன். தம்பி, உன் பக்கத்தில் ஆள் யார் இருக்கிறார்கள்? 70 வேண்டாம், இரண்டு?

ஜனவரி 12
"தாங்க முடியாத பாரத்தைத் தேவன் தரமாட்டார் என்று பைபிளில் இருக்கிறதே" என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். அப்படி இல்லை. நீங்கள் நினைக்கிற வசனம் 1 கொரிந்தியர் 10:13. அந்த அதிகாரம் விக்கிரகாராதனை, வேசித்தனம் இவற்றைப் பற்றிப் பேசுகிறது; பாவம் இழுக்கும்போது தப்பிக்க வழி உண்டு என்கிறது. சுமையைப் பற்றி அதே பவுல் அதே கொரிந்து சபைக்கு எழுதிய அடுத்த நிருபத்தில் என்ன சொல்கிறார்? "பிழைப்போம் என்கிற நம்பிக்கை அற்றுப்போகத்தக்கதாக, எங்கள் பலத்திற்கு மிஞ்சின அதிக பாரமான வருத்தம்" உண்டாயிற்று என்கிறார் (2 கொரிந்தியர் 1:8). பலத்துக்கு மிஞ்சியது. அவர் வாயாலேயே. நம்மை நம்பாமல் மரித்தோரை எழுப்புகிறவரை நம்பும்படி அது நடந்தது என்று அடுத்த வசனத்தில் சொல்கிறார், சரி, ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் "தாங்க முடியவில்லை" என்று ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் சொல்கிறார். படுக்கையில் கிடப்பவரிடம் போய் "உங்களால் தாங்க முடியும் என்பதால்தான் கொடுத்திருக்கிறார்" என்று சொன்னால், பலசாலியாக இருந்ததற்குக் கிடைத்த தண்டனை மாதிரி அல்லவா ஆகிறது?

ஜனவரி 12, மாலை
பிள்ளைகள், சொத்து, உடல்நலம் எல்லாம் இழந்த யோபுவின் நண்பர்களைப் பற்றி யாரோ கேட்டீர்கள். ஏழு நாள் இரவு பகலாகத் தரையில் அவனோடு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதோடு எழுந்து வீட்டுக்குப் போயிருந்தால் வேதத்திலேயே சிறந்த நண்பர்கள் என்று பேர் வாங்கியிருப்பார்கள். வாயைத் திறந்தார்கள், கெட்டது. அவர்கள் பேச்சில் பாதி நாம் இரங்கல் வீடுகளில் பேசுவதுதான், எடுத்து எழுதினால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. கடைசியில் தேவன், என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று அவர்களைத்தான் கண்டிக்கிறார். பிறந்த நாளையே சபித்தவன் பேசியது நிதானம். தேவனுக்காக வக்காலத்து வாங்கியவர்கள் பேசியது நிதானமில்லை.

ஜனவரி 14
கேள்வி கேட்ட தம்பி திரும்ப எழுதியிருக்கிறார்: "அற்பவிசுவாசிகளே என்று இயேசு திட்டினாரே, அப்போது குறைந்த விசுவாசம் பிரச்சினைதானே?"

பிரச்சினைதான். ஆனால் புயலில் சீஷர்கள் பயந்து அலறிய அந்தப் படகு என்ன ஆனது என்று பார். மத்தேயுவில் முதலில் கடிந்துகொள்கிறார், அப்புறம் கடலை அடக்குகிறார். மாற்குவில் முதலில் கடலை அடக்கிவிட்டு, பிறகு ஏன் பயந்தீர்கள் என்று கேட்கிறார். எந்த வரிசையில் படித்தாலும் கடல் அடங்கியது. விசுவாசம் சரியான அளவுக்கு வரட்டும், அதுவரை அலை அடிக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. பிசாசு பிடித்த பையனின் அப்பா "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்றார், ஒரே மூச்சில் இரண்டையும். பையன் சுகமானான். ஆக, விசுவாசம் குறைவாக இருப்பதும் உன் கஷ்டங்களின் பட்டியலில் ஒன்று, அவ்வளவுதான். மற்றவற்றைச் சொல்வது போல அதையும் சொல்.

ஜனவரி 15
சாட்சி நேரம் பற்றி ரொம்ப நாளாக மனதில் இருப்பதைக் கொட்டிவிடுகிறேன். வேலை கிடைத்தவர், கட்டி கரைந்தவர், விபத்தில் தப்பியவர், இவர்களுக்கு மைக் கிடைக்கும். நன்றி சொல்லட்டும், சொல்லவேண்டியதுதான். ஆனால் "இன்னும் கிடைக்கவில்லை, இருந்தாலும் வந்திருக்கிறேன்" என்று சொல்ல யாரையும் நாம் மேடைக்கு அழைப்பதில்லை. வருடக்கணக்கில் இப்படியே கேட்டுக் கேட்டு, பதில் கிடைக்காதவர்கள் கணக்கிலேயே இல்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

அப்போஸ்தலர் 12 இந்தக் கணக்கைக் கலைத்துப்போடும். ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான். பேதுருவையும் பிடித்தான், தேவதூதன் வந்து சங்கிலி கழன்று வெளியே நடந்துபோனார். ஒரே அதிகாரம், ஒரே சபை. யாக்கோபுக்காக ஜெபம் பண்ணாமலா இருந்திருப்பார்கள்? யாக்கோபின் அம்மா, யோவானுக்கும் அம்மா, பேதுரு தப்பின செய்தியைக் கேட்டு எப்படி ஸ்தோத்திரம் சொல்லியிருப்பாள்? இதை எழுதிய லூக்கா ஒரு விளக்கமும் தரவில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது. விளக்கம் கொடுத்திருந்தால் அதை எடுத்துக்கொண்டு வந்து யாராவது என் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள்.

அப்புறம் துரோப்பீமு, பவுலோடு கூடப் பயணம் போனவர். பவுலின் துணியைக் கொண்டுபோய்ப் போட்டாலே வியாதிக்காரர் சுகமானதாக அப்போஸ்தலர் 19 சொல்கிறது. அதே பவுல் கடைசி நாட்களில், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். துரோப்பீமுவுக்கு விசுவாசம் இல்லை என்று எழுதவில்லை. எங்கள் வீட்டில் அவருக்கு மரியாதை அதிகம்.

ஜனவரி 17
"பாட முடியவில்லை அக்கா, வாய் அசைகிறது, உள்ளே ஒன்றுமில்லை, வேஷம் போடுவது போல இருக்கிறது, சபைக்குப் போகாமல் இருப்பதே நேர்மை இல்லையா" என்று இன்னொரு வாசகி.

போங்கள். கடைசி வரிசையில் உட்காருங்கள், பாடாதீர்கள். நானும் நீண்ட காலம் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். மாற்கு 2-ல் திமிர்வாதக்காரனை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று இருக்கிறது. தூக்கி வந்தவர்களின் விசுவாசத்தைப் பார்த்தார். படுத்திருந்தவன் என்ன நினைத்துக்கொண்டிருந்தான், நம்பினானா, அரைத்தூக்கத்தில் இருந்தானா, ஒன்றும் தெரியாது. பக்கத்து வரிசைக்காரர் பாடும்போது நீங்கள் அந்தப் படுக்கையில் கிடக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் வேஷம் எதுவும் இல்லை. (அந்தக் கூரையை யார் சரிசெய்து கொடுத்தார்கள் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கும் கேள்வி.)

உள்ளே ஒன்றும் உணராமல் இருப்பதற்கும் விசுவாசம் இல்லாமல் இருப்பதற்கும் இடையே நிறைய தூரம். அன்னை தெரசா 1997-ல் இறந்தார். அவர் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள் 2007-ல் வெளிவந்தபோது எல்லாரும் அதிர்ந்தார்கள். ஏறக்குறைய 50 வருடம் தேவன் அருகில் இருப்பதாக உணரவே இல்லை, இருட்டு மட்டும்தான் என்று எழுதியிருந்தார். சிலர் "பார்த்தீர்களா, அவரே நம்பவில்லை" என்றார்கள். நம்பாதவர் அத்தனை வருடம் விடியற்காலையில் எழுந்து ஜெபத்தில் உட்கார்ந்திருப்பாரா? எனக்கு நேர்மாறாகத்தான் தோன்றியது. அவரைப் பற்றி வேறு விமர்சனங்கள் உண்டு, அதை இங்கே ஆரம்பிக்காதீர்கள், இழை திசைமாறிவிடும்.

ஜனவரி 18
ஆரம்பித்துவிட்டீர்கள். நான் பதில் சொல்லப்போவதில்லை.

ஜனவரி 20
தனிச் செய்தியில் ஒருவர் எழுதியதைப் படித்ததால் இதை எல்லாருக்கும் பொதுவாக, தெளிவாகச் சொல்கிறேன். எலியா தீர்க்கதரிசி ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றார். கர்மேலில் அக்கினி இறங்கிய அந்தப் பெரிய வெற்றிக்கு அடுத்த அதிகாரத்திலேயே. தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. சாப்பிட வைத்தான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான், அவ்வளவுதான். ஓரேப் மலையில் தேவன் பேசியது அதற்கப்புறம், 40 நாள் நடந்த பிறகு.

சாகவேண்டும் போல இருக்கிறது என்றால் இன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுவது அவிசுவாசம் என்று சொல்கிறவர் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். எனக்கே ஒரு கட்டத்தில் தூக்கத்துக்கு மாத்திரை தேவைப்பட்டது. தூங்கி எழுந்த பிறகுதான் ஜெபம் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வந்தது.

ஜனவரி 23
ஒரு அண்ணன், "இரத்தசாட்சிகளைப் பற்றி எழுதுங்கள், அதுதான் பலம் தரும்" என்கிறார். பிரான்ஸில் மாரி துரான் என்று ஒரு பெண். புராட்டஸ்டண்ட் விசுவாசத்துக்காக 1730-ல் ஏக்-மோர்த் என்ற ஊரில் ஒரு கோபுரத்தில் அடைத்தார்கள், இளம்பெண்ணாக. விசுவாசத்தை மறுதலிக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் வெளியே வரலாம். சொல்லவில்லை. 1768-ல்தான் விட்டார்கள், 38 வருடம். அந்தக் கோபுரத்தின் கல்லில் "எதிர்த்து நில்" என்று பொருள்படும் ஒரே ஒரு சொல் செதுக்கியிருக்கிறது, அது அவர் செதுக்கியது என்று சொல்வார்கள்.

எழுதிவிட்டுப் பார்க்கிறேன், இதைப் படித்துத் தம்பிக்குப் பலம் வருமா, "38 வருடம் ஒரு பெண் தாங்கினாள், எனக்கு இதுகூட முடியவில்லையே" என்று இன்னும் ஒரு குற்றவுணர்வு வருமா? இரண்டாவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். எனக்கு அப்படித்தான் ஆனது. அந்தக் கோபுரத்தில் அவர் தனியாக இல்லை, வேறு பெண்களும் கூட இருந்தார்கள் என்று பிறகு தெரிந்தபோதுதான் எனக்கு அந்தக் கதை உதவியது. மறுபடி மோசேயின் 70 பேருக்கே வந்து நிற்கிறேன் பாருங்கள்.

ஜனவரி 24
"உங்கள் பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் சமாதானத்துக்கேதுவானவைகள்" என்ற எரேமியா 29:11 வசனத்தை அனுப்பியவருக்கு நன்றி. அதற்கு முந்தைய வசனத்தையும் படியுங்கள், பாபிலோனில் 70 வருஷம் முடிந்த பிறகு என்று இருக்கிறது. அது பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம், கிடைத்தவர்களில் பெரியவர்கள் பலர் அந்த முடிவைப் பார்க்கவே இல்லை. அவர்களுக்கு அதே கடிதம் சொன்ன உடனடி வேலை, வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள். இது எனக்கு அந்த வாக்குத்தத்தத்தைக் குறைத்துவிடவில்லை. இன்னும் நம்பும்படியாக்கியது. இரண்டே வருடத்தில் எல்லாம் மாறும் என்று சொல்லி ஏமாற்றிய தீர்க்கதரிசி அந்தக் காலத்திலும் இருந்தான், அதற்கு முந்தைய அதிகாரத்தைப் பார்த்தால் தெரியும்.

ஜனவரி 26
தினமும் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டவருக்கு: பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் ஒரு சங்கீதம், சத்தமாக, என் கணவருக்கும் கேட்கும்படி. எனக்கு அன்று நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. முதலில் 13, பிறகு 42, பிறகு 77. இதில் 77 பாதிவரை புலம்பிவிட்டு, பழைய காரியங்களை ஞாபகப்படுத்திக்கொள்ளும் இடத்தில் திரும்பும். 88 கடைசிவரை திரும்பாது, அது வேறு வழியே இல்லாத நாட்களுக்கு. 119-க்கு 176 வசனம், அதை இப்போதைக்குத் தொடவேண்டாம். சொந்த வார்த்தை வராத நாளில் கர்த்தருடைய ஜெபம் மட்டும். முன்பு மணிக்கணக்கில் ஜெபித்தவள்தான் நான். இப்போது துணி மாற்றும்போதும் மருந்து கரைக்கும்போதும் இரண்டு வரி. சில நாள் அந்த இரண்டு வரியும் சண்டைதான்.

ஜனவரி 29
"நண்பரின் மனைவி மருத்துவமனையில் இருக்கிறார், நாளை பார்க்கப் போகிறேன், எந்த வசனம் சொல்வது?" என்று ஒருவர் அவசரமாகக் கேட்கிறார்.

எதுவும் வேண்டாம். அவர் கேட்டால் சொல்லுங்கள். தேவனிடம் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்ற ரோமர் 8:28-ஐ நீங்களாக எடுக்காதீர்கள், அது உண்மைதான், ஆனால் உள்ளே இருப்பவர் சொல்லவேண்டிய வசனம் அது, பார்க்க வந்தவர் சொன்னால் வேறு மாதிரிக் கேட்கும். ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டு ஜெபியுங்கள், சுருக்கமாக. நர்ஸ் கையில் ஊசியோடு வாசலில் காத்து நிற்கிற அளவுக்கு இழுக்காதீர்கள். ஜெபத்துக்குள் அவருக்குப் புத்திமதி வைக்காதீர்கள், கண்ணை மூடியிருந்தாலும் அவருக்குப் புரியும். உங்கள் மாமாவுக்கு இதே வியாதி வந்து இறந்த கதை வேண்டவே வேண்டாம். கிளம்பும்போது "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்று சொல்லாதீர்கள், யாரும் சொல்லமாட்டார்கள். "செவ்வாய்க்கிழமை ராத்திரி நான் வந்து துணைக்கு இருக்கிறேன், நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு" என்று உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். சொன்னால் போகவேண்டும்.